பத்தாயிரம் குட்டிக் கோப்புகளை எச்டிடிபி வழியே வேகமாக இறக்குவது எப்படி

1 ஜிபி அளவுள்ள ஒற்றைக் கோப்பு 50 எம்பிபிஎஸ் லைனில் மூன்று நிமிடத்துக்குள் இறங்கிவிடும். அதே லைனில் ஆளுக்கு 4 கேபி வீதம் 10,000 கோப்புகள், மொத்தமே 40 எம்பிதான், ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். பிளானை 200 எம்பிபிஎஸ்-க்கு மாற்றினாலும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை, மிளகாய்க்கு ஒரு நடை என்று கடைக்குப் போய்வருகிறவர் பையைப் பெரிதாக்கி என்ன பயன்? குறைக்க வேண்டியது நடையை.

இந்த நடையைத்தான் நெட்வொர்க் ஆட்கள் ஆர்டிடி என்கிறார்கள்: ஒரு பாக்கெட் (சின்னத் தரவுத் துண்டு) சர்வருக்குப் போய், பதில் திரும்பி வர ஆகும் நேரம். அது 150 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். கண்டம் தாண்டிய சர்வருக்கு இது சாதாரணம். ஒவ்வொரு கோப்புக்கும் புது இணைப்பு திறந்தால் டிசிபி கைகுலுக்கலுக்கு (இரு பக்கமும் இணைப்பை ஏற்படுத்திக்கொள்வது) ஒரு நடை, டிஎல்எஸ் 1.3 என்ற மறையாக்கத்துக்கு ஒரு நடை, கோரிக்கைக்கும் பதிலுக்கும் ஒரு நடை. ஆக மூன்று, அதாவது 450 மில்லிசெகண்ட். 10,000 கோப்புக்கு 75 நிமிடம். சர்வர் இன்னும் டிஎல்எஸ் 1.2-இல் இருந்தால் கைகுலுக்கலுக்கே இரண்டு நடை; 100 நிமிடம். ஒரே இணைப்பைத் திறந்து வைத்து, ஒன்று முடிந்ததும் அடுத்ததைக் கேட்டால் கோப்புக்கு ஒரு நடை, 25 நிமிடம். ஒரே இணைப்பில் 100 கோரிக்கைகளைச் சேர்த்து அனுப்பினால் 15 நொடிக்குப் பக்கம். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வாங்கினால் 7 அல்லது 8 நொடி.

டேட்டாவும் வீணாகிறது. முழுக் கைகுலுக்கல் நடக்கும் ஒவ்வொரு முறையும் சர்வர் தான் யார் என்று நிரூபிக்கும் சான்றிதழ்ச் சங்கிலியை அனுப்புகிறது; அது பெரும்பாலும் 3–4 கேபி இருக்கும். 4 கேபி கோப்பை வாங்க 4 கேபி சான்றிதழ். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கே சொன்னது போலிருக்கிறது.

பலரும் எடுத்தவுடன் ஒரே நேரத்தில் 50 இணைப்புகளைத் திறக்கப் பார்க்கிறார்கள். அது கடைசி வழியாக இருக்க வேண்டும். முதலில் கேட்காமலே இருக்க முடியுமா, அடுத்து மொத்தமாகக் கேட்க முடியுமா, பிறகு ஒரே இணைப்பில் கேட்க முடியுமா, அதற்கும் பிறகுதான் ஒரே நேரத்தில் பலவற்றைக் கேட்பது.

முதலில் அளவு எடுங்கள்

கட்டளை வரியிலிருந்து கோப்பு இறக்கும் கர்ல் நிரலின் ரைட்-அவுட் தெரிவு இதற்குப் போதும். டைம்-நேம்லுக்கப், டைம்-கனெக்ட், டைம்-ஆப்கனெக்ட், டைம்-ஸ்டார்ட்டிரான்ஸ்ஃபர், டைம்-டோட்டல் ஆகிய ஐந்து மாறிகளையும் ஒரு கோப்புக்கு அச்சிட்டுப் பாருங்கள் (உண்மையான பெயர்களில் கோட்டுக்குப் பதில் அடிக்கோடு வரும்). எல்லாமே தொடக்கத்திலிருந்து எண்ணப்படும் நேரங்கள். அதனால் கனெக்டிலிருந்து நேம்லுக்கப்பைக் கழித்தால் கிடைப்பது ஒரு நடை. ஆப்கனெக்டிலிருந்து கனெக்டைக் கழித்தால் டிஎல்எஸ் செலவு. ஸ்டார்ட்டிரான்ஸ்ஃபரிலிருந்து ஆப்கனெக்டைக் கழித்தால் ஒரு நடையைவிட மிக அதிகமாக வருகிறதா? அப்படியானால் சர்வர்தான் யோசித்துக்கொண்டிருக்கிறது. கீழே சொல்லும் எதுவும் அதைப் பெரிதாகச் சரிசெய்யாது.

இன்னும் இரண்டு மாறிகள் முக்கியம். நம்-கனெக்ட்ஸ் என்பது அந்தக் கோப்புக்காகத் திறந்த புது இணைப்புகளின் எண்ணிக்கை. பட்டியலில் முதல் கோப்புக்கு 1, மற்றவற்றுக்கு 0 என்று வந்தால் இணைப்பு மறுபடி பயன்படுகிறது. எல்லாவற்றுக்கும் 1 என்றால் கோளாறு அங்கேதான். எச்டிடிபி-வெர்ஷன் என்ற மாறி 1.1-ஆ, 2-ஆ, 3-ஆ என்று காட்டும்.

கேட்காத கோரிக்கைதான் மிக வேகமானது

தினமும் ஒரே தொகுப்பை ஒத்திசைக்கிறீர்கள், அதில் 50 கோப்புகள்தான் மாறுகின்றன என்றால், ஈடேக் (கோப்பின் பதிப்பைக் குறிக்கும் அடையாளம்) வைத்து நிபந்தனைக் கோரிக்கை அனுப்புவது நல்ல வழி போலத் தோன்றும். மாறாத கோப்புக்கு 304 (மாறவில்லை) என்ற பதில் வரும், உள்ளடக்கம் வராது. ஆனால் 304 வாங்கவும் ஒரு நடை போய்த்தான் ஆக வேண்டும். குட்டிக் கோப்புகளில் உள்ளடக்கம் ஒரு பொருட்டே இல்லை, நடைதான் செலவு. எனவே 10,000 முறை 304 வாங்குவதும் 10,000 கோப்பு இறக்குவதும் நேரத்தில் ஏறக்குறைய ஒன்று. கர்ல் போன்ற இன்னொரு நிரலான டபிள்யூகெட்டின் நேரமுத்திரைத் தெரிவுக்கும் இதே குறைதான்.

சர்வர் உங்கள் கையில் இருந்தால் ஒரு பட்டியல் கோப்பு வையுங்கள்: வரிக்கு ஒரு கோப்பு, பாதையும் அதன் எஸ்எச்ஏ-256 ஹேஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற மதிப்பு). 10,000 வரிக்குச் சுமார் 1 எம்பி வரும். அதை மட்டும் இறக்கி, உள்ளூரில் இருப்பதோடு ஒப்பிட்டு, மாறிய 50-ஐ மட்டும் கேளுங்கள். டெபியன் லினக்ஸில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் செய்வது இதைத்தான்: ரிலீஸ் கோப்பு, அது சுட்டும் பேக்கேஜஸ் பட்டியல், அதில் ஒவ்வொரு தொகுப்பின் ஹேஷ்.

இதில் ஒரு பொறி உண்டு. பட்டியல் பழையது, கோப்பு புதியது என்று கலந்து வந்தால் ஹேஷ் பொருந்தாது. உபுண்டு பயனர்கள் பார்த்துச் சலித்த "ஹேஷ் சம் மிஸ்மேட்ச்" பிழையின் பிறப்பிடங்களில் இதுவும் ஒன்று. கோப்பின் பெயரையே அதன் ஹேஷாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும். பெயர் ஒன்றென்றால் உள்ளடக்கமும் ஒன்று. ஆப்ட் களஞ்சியங்களில் பை-ஹேஷ் என்ற அடைவு வந்தது இதற்காகத்தான். கூடுதல் லாபமாக, இப்படிப்பட்ட கோப்புகளை இடைக் கேஷ்களில் (வழியில் நகல் வைத்திருக்கும் இடங்கள்) ஒரு வருடம்கூடப் பயமின்றி வைத்திருக்கலாம்.

மூட்டை கட்டுதல்

சர்வர் பக்கம் பல கோப்புகளை ஒன்றாக ஒட்டிய ஒரு டார் கோப்பு உருவாக்க முடிந்தால் மீதிப் பிரச்சினை பெரும்பாலும் கரைந்துவிடும். டார் ஒவ்வொரு கோப்புக்கும் 512 பைட் தலைப்பு வைத்து, உள்ளடக்கத்தையும் 512-இன் மடங்குக்கு நிரப்பும். 100 பைட் கோப்பு 1,024 பைட் ஆகிவிடும். ஆனால் அந்த நிரப்பல் எல்லாம் சுழியம், அளவைச் சுருக்க அழுத்தும்போது காணாமல் போகும்.

டாரை ஜிசிப்பால் அழுத்திய டார்-ஜிசிப்புக்கும் ஜிப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கே பெரியது. ஜிப் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே அழுத்துகிறது. ஒரே மாதிரியான ஜேசன் வடிவத் தரவுக் கோப்புகள் ஆயிரம் இருந்தால், எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் புலப் பெயர்களை அது கண்டுகொள்ளாது. டார் எல்லாவற்றையும் ஒரே ஓடையாக்கிய பிறகு அழுத்துவதால் அந்த ஒற்றுமை முழுவதும் கிடைக்கும். மாறாக, ஜிப்பின் பொருளடக்கம் கோப்பின் கடைசியில் இருக்கிறது. வாலை மட்டும் ரேஞ்ச் கோரிக்கையில் (கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்பது) வாங்கி, வேண்டிய கோப்பு எந்த பைட்டில் தொடங்குகிறது என்று பார்த்து, அந்தத் துண்டை மட்டும் கேட்கலாம். டார்-ஜிசிப்பில் நடுவிலிருந்து எடுக்க வழியில்லை. ஆகவே எல்லாம் வேண்டுமென்றால் டார். பத்தாயிரத்தில் இருபது மட்டும் வேண்டுமென்றால் ஜிப்.

இந்த உத்தி பெரிய அளவிலும் ஓடுகிறது. வலைப்பக்கங்களைச் சேகரித்து வைக்கும் காமன் கிராலில் ஒவ்வொரு வலைப்பக்கமும் தனித்தனியே ஜிசிப் செய்யப்பட்டு, வார்க் என்ற பெரிய தொகுப்புக் கோப்பில் ஒட்டப்பட்டிருக்கும். எந்தப் பக்கம் எந்த பைட்டில் என்று தனி அட்டவணை சொல்லும். வரைபட ஓடுகளுக்கு (இணைய வரைபடத்தின் சதுரத் துண்டுகள்) பிஎம்டைல்ஸ் என்ற கோப்பு வடிவம் இதே வேலையைச் செய்கிறது. ஸூம் 15-இல் உலகம் முழுவதற்கும் 4-இன் 15-ஆம் அடுக்கு, அதாவது நூறு கோடிக்கும் மேற்பட்ட ஓடுகள். அவற்றைத் தனித்தனிக் கோப்பாக வைப்பதும் இறக்குவதும் வேலைக்காகாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது ஓட்டுச் சர்வரிலிருந்து மொத்தமாக இறக்குவதை அவர்களின் பயன்பாட்டு விதியே தடுக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மூலத் தரவை வாங்கி ஓடுகளை நீங்களே உருவாக்குவதுதான் முறை.

கோரிக்கை வந்த பிறகு டாரை உடனுக்குடன் கட்டி அனுப்புவது ஈர்க்கும், ஆனால் வேண்டாம். மொத்த நீளம் முன்கூட்டித் தெரியாது, ரேஞ்ச் வேலை செய்யாது, பாதியில் அறுந்தால் முதலிலிருந்து. முன்பே கட்டி வையுங்கள். ஒரே பெரிய மூட்டையும் வேண்டாம். ஒரு கோப்பு மாறினால் முழு மூட்டையும் மாறிவிடும். தேதி வாரியாகவோ ஹேஷின் முதல் இரண்டு எழுத்து வாரியாகவோ பிரித்து, 8 முதல் 64 எம்பி அளவில் பல மூட்டைகளாக வைப்பது கையாள எளிது. அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமென்றால் இறக்கத்தை நேரே டாருக்குள் பைப் செய்யாமல் வட்டில் சேமித்து, பிறகு பிரியுங்கள்.

ஒரே இணைப்பு

சர்வர் அடுத்தவருடையது, மூட்டை கிடையாது என்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 1997-இல் வந்த எச்டிடிபி/1.1 முதலே இணைப்பைத் திறந்து வைப்பதுதான் இயல்பு. அதைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். ஷெல் லூப்பில் கோப்புக்கு ஒரு கர்ல், அல்லது பட்டியலைக் கட்டளைகளாக்கும் எக்ஸ்ஆர்க்ஸில் ஒன்று ஒன்றாகப் பிரித்து டபிள்யூகெட்: ஒவ்வொன்றும் புதிய புராசஸ், முந்தையதன் இணைப்போ டிஎன்எஸ் விடையோ (சர்வர் பெயருக்கான முகவரி) டிஎல்எஸ் டிக்கெட்டோ (மறுபடி இணையும்போது கைகுலுக்கலைச் சுருக்கும் சீட்டு) அதற்குத் தெரியாது. முழுப் பட்டியலையும் ஒரே புராசஸிடம் கொடுங்கள். டபிள்யூகெட்டுக்குச் சின்ன ஐ தெரிவில் பட்டியல் கோப்பு. கர்லுக்குப் பெரிய கே தெரிவில் ஒரு கன்ஃபிக் கோப்பு. அதில் யூஆர்எல் ஒரு வரி, அவுட்புட் ஒரு வரி என்று மாறி மாறி எழுத வேண்டும்.

கர்லில் மூன்று இடங்களில் வழுக்கும். பெரிய ஓ தெரிவு ஒரு முகவரிக்கு மட்டுமே பொருந்தும். மற்றவை திரையில் கொட்டும். எல்லாவற்றுக்கும் பொருந்த ரிமோட்-நேம்-ஆல் வேண்டும். அதைப் போட்டாலும் வெவ்வேறு அடைவுகளில் ஒரே பெயருள்ள கோப்புகள் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படும். அதனால்தான் அவுட்புட் வரியும் கிரியேட்-டர்ஸ் தெரிவும். கடைசியாக, ஃபெயில் தெரிவைப் போடாவிட்டால் 404 பக்கத்தின் எச்டிஎம்எல் உங்கள் படக் கோப்பின் பெயரில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். பத்தாயிரத்தில் எது போலி என்று அப்புறம் தேடுவது தலைவலி.

பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் கெட் செயல்பாட்டை நேரடியாக அழைத்தால் ஒவ்வொரு முறையும் புது இணைப்பு. ஒரு செஷன் பொருளை உருவாக்கி அதன் வழியே கேளுங்கள். த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) வைத்து ஓட்டினால் செஷனின் இணைப்புக் குளத்தின் (திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்) அளவு இயல்பில் 10 என்பதை மறக்க வேண்டாம்; 32 த்ரெட் ஓட்டினால் மிஞ்சும் இணைப்புகள் வேலை முடிந்ததும் தூக்கி எறியப்படும், "கனெக்ஷன் பூல் இஸ் ஃபுல்" என்ற எச்சரிக்கை வரும். எச்டிடிபி-அடாப்டரில் பூல்-மேக்ஸ்சைஸை த்ரெட் எண்ணிக்கைக்குச் சமமாக்குங்கள். கோ மொழியில் இதே எண் இயல்பில் வெறும் 2. பதிலின் உடலை முழுதும் படித்து மூடாவிட்டால் அந்த இணைப்பும் திரும்பக் குளத்துக்கு வராது. பிழைப் பதில்களைப் படிக்காமல் விடுவதுதான் இதில் வழக்கமான தவறு.

ஓர் இணைப்பில் எத்தனை கோரிக்கை என்பதற்குச் சர்வர் பக்கமும் வரம்பு உண்டு: என்ஜின்எக்ஸ் சர்வர் மென்பொருளில் கீப்அலைவ்-ரிக்வெஸ்ட்ஸ் 1.19.10 பதிப்பு முதல் 1,000. அதற்கு முன் 100. அப்பாச்சியில் மேக்ஸ்-கீப்அலைவ்-ரிக்வெஸ்ட்ஸ் 100, காத்திருப்பு 5 நொடி. உங்கள் நிரல் ஒவ்வொரு கோப்புக்கும் பிறகு 6 நொடி வேறு வேலை பார்த்தால் அப்பாச்சி ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்தியிருக்கும். இறக்கத்தையும் செயலாக்கத்தையும் பிரித்து வையுங்கள்.

பட்டியலில் எச்டிடிபி முகவரி இருந்து, சர்வர் எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பிவிட்டால் கோப்புக்கு ஒரு நடை தண்டம். இறுதி முகவரியையே பட்டியலில் போடுங்கள்.

ஒரே நேரத்தில் பல

2015-இல் வந்த எச்டிடிபி/2 ஒரே டிசிபி இணைப்பில் பல ஓடைகளை ஒன்றாக ஓட்டுகிறது. எத்தனை என்பதைச் சர்வர் சொல்லும். 100-க்குக் குறைய வேண்டாம் என்பது தர ஆவணத்தின் பரிந்துரை, என்ஜின்எக்ஸின் இயல்பு 128. கர்லில் 7.66.0 முதல் பேரலல் தெரிவு உண்டு, சுருக்கம் பெரிய இசட். இயல்பில் ஒரே நேரத்தில் 50 இறக்கங்கள். பேரலல்-மேக்ஸ் கொண்டு 100 ஆக்கலாம். பேரலல்-இம்மீடியட் தெரிவை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அது, முதல் இணைப்பு எச்டிடிபி/2 பேசுகிறதா என்று பார்க்கக் காத்திராமல் ஆளுக்கொரு இணைப்பைத் திறக்கும். கைகுலுக்கல் செலவு அத்தனையும் திரும்பி வரும். உங்கள் கர்லில் எச்டிடிபி/2 ஆதரவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று வெர்ஷன் தெரிவின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூலகம் கொண்டு நீங்களே எழுதினால் ஓட்டக் கட்டுப்பாட்டுச் சன்னல் (உங்கள் ஒப்புதல் வருமுன் சர்வர் அனுப்பக்கூடிய அளவு) கவிழ்க்கும். எச்டிடிபி/2-இல் முழு இணைப்புக்கும் இயல்புச் சன்னல் 65,535 பைட். இதை உயர்த்தாவிட்டால் ஒரு நடைக்கு அவ்வளவுதான் வரும்: 150 மில்லிசெகண்டுக்கு 64 கேபி, அதாவது நொடிக்கு 430 கேபி சுமார். 15 நொடி வேலை ஒன்றரை நிமிடம் ஆகும், ஓடைகள் நூறு இருந்தும். கர்ல் தானாகவே உயர்த்திக்கொள்கிறது.

பாக்கெட் இழப்பு அதிகமுள்ள மொபைல் இணைப்பில் ஒற்றை டிசிபி இணைப்பு பலவீனம்தான். ஒரு பாக்கெட் தொலைந்தால் நூறு ஓடைகளும் அது திரும்ப வரும்வரை நிற்கும். அங்கே எச்டிடிபி/3 உதவும், அதில் ஓடைகள் ஒன்றையொன்று மறிப்பதில்லை. அது இல்லையென்றால் பட்டியலை இரண்டு மூன்றாகப் பிரித்து, இரண்டு மூன்று புராசஸ் ஓட்டுங்கள்.

எச்டிடிபி/1.1 மட்டுமே பேசும் சர்வர்களுக்கு இணை இணைப்புகள்தான் வழி. அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3 அப்படிப்பட்டது. ஏரியா2 என்ற இறக்க நிரலில் இதற்கான தெரிவு சின்ன ஜே, இயல்பு 5. இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும் சின்ன எக்ஸ் தெரிவு ஒரே கோப்பைத் துண்டாக்கி வாங்குவதற்கானது; 20 எம்பி-க்குக் குறைந்த துண்டாக அது இயல்பில் பிரிக்காது என்பதால் 4 கேபி கோப்புகளில் ஒரு பயனும் இல்லை. பைப்லைனிங் என்றொரு பழைய உத்தியும் உண்டு: பதிலுக்குக் காத்திராமல் கோரிக்கைகளை வரிசையாக அனுப்புவது. உலாவிகள் கைவிட்டன, கர்லும் 2019-இல் நீக்கிவிட்டது. ஆப்ட் மட்டும் இன்னும் இயல்பில் 10 ஆழத்துக்கு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இணை இணைப்புகளின் எண்ணிக்கையை எப்படி முடிவு செய்வது? 4-இல் தொடங்கி இரட்டிப்பாக்குங்கள். நொடிக்கு எத்தனை கோப்பு என்பது கூடும்வரை சரி. அது நின்று, ஒரு கோப்புக்கான நேரம் மட்டும் ஏறத் தொடங்கினால் சர்வர் வரிசையில் நிறுத்தி வைக்கிறது என்று பொருள். ஒரு படி பின்வாங்குங்கள். 429 (கோரிக்கை மிகுதி) அல்லது 503 (சேவை இப்போது இல்லை) வந்தால் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் (பதிலோடு வரும் குறிப்பு வரி) சொல்லும் நேரம் காத்திருங்கள். கர்லின் ரீட்ரை தெரிவு அதை மதிக்கும். அடுத்தவர் சர்வரில் 4 அல்லது 6-ஐத் தாண்டாமல் இருப்பது மரியாதை.

இணைப்புகளைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் வேறொரு சுவரும் வரும். லினக்ஸில் வெளியே போகும் இணைப்புக்கான போர்ட் (இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வரம்பு இயல்பில் 32768 முதல் 60999 வரை, 28,232 போர்ட்கள். முதலில் மூடுகிற பக்கத்தில் ஒவ்வொரு போர்ட்டும் 60 நொடி டைம்-வெயிட் என்ற காத்திருப்பு நிலையில் கிடக்கும். ஆக ஒரே சர்வர் முகவரிக்கு நொடிக்குச் சுமார் 470 புது இணைப்புக்கு மேல் தாங்காது.

ஹெடரும் அழுத்தமும்

2 கேபி குக்கியை 10,000 கோரிக்கைகளோடு அனுப்பினால் 20 எம்பி மேலேற்றம். நிலைக் கோப்புகளுக்குக் குக்கி தேவையே இல்லை, கழற்றிவிடுங்கள். எச்டிடிபி/2-இல் திரும்பத் திரும்ப வரும் ஹெடர்கள் ஓரிரு பைட் எண்களாகச் சுருங்குவதால் இந்தக் கவலை குறைவு. 1 கேபி-க்குக் குறைந்த கோப்பைத் தனியாக ஜிசிப் செய்வதில் பயன் சொற்பம். எப்படியும் ஒரே பாக்கெட்டில்தான் போகப் போகிறது.

வட்டுப் பக்கம்

நெட்வொர்க்கைச் சரிசெய்த பிறகும் மெதுவாக இருந்தால் வட்டைப் பாருங்கள். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் 300 பைட் கோப்பும் 4 கேபி பிடிக்கும். பத்து லட்சம் கோப்பு 4 ஜிபி. இயல்பாக 16 கேபி-க்கு ஒரு ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் பதிவு) என்பதால் 20 ஜிபி பகிர்வில் சுமார் 13 லட்சம் கோப்புகளுக்கு மேல் வைக்க முடியாது. இடம் பாதி காலியாக இருக்கும்போதே "இடமில்லை" என்று பிழை வந்தால், டிஎஃப் கட்டளையைச் சின்ன ஐ தெரிவுடன் ஓட்டுங்கள். விண்டோஸில் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டர் ஒவ்வொரு புதுக் கோப்பையும் சோதிக்கும். குட்டிக் கோப்புகளில் அது நன்றாகவே உறைக்கும்.

பத்தாயிரத்தில் சில தவறத்தான் செய்யும். இணை ஓட்டத்தில் கர்லின் ஒற்றை வெளியேறு குறியீட்டை நம்பி எதுவும் முடிவு செய்ய முடியாது. ரைட்-அவுட்டில் எச்டிடிபி குறியீட்டையும் முகவரியையும் வரிக்கு ஒன்றாகப் பதிவு கோப்பில் எழுதவிட்டு, 200 அல்லாதவற்றை வடித்து, அவற்றை மட்டும் புதிய பட்டியலாக்கி, இணை எண்ணிக்கையைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். இரண்டாம் சுற்றிலும் 404 தருபவை பட்டியலிலேயே தவறானவை; இணைப்பு அறுந்து குறியீடு 000 என்று வருபவை மூன்றாம் சுற்றுக்குப் போகட்டும்.